மூன்று லிட்டர் போதும்

உங்கள் நிலையத்தின் பின்பக்கக் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஐயா. உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், வேறொன்றுமில்லை. வாக்குமூலத்தில் இது தேவையில்லை என்றால் எழுதுபவர் அடித்துவிடட்டும். ஆனால் குற்றம் பிடிக்க நீங்கள் என் வீடு வரை வந்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்பதுதானே உங்கள் கேள்வி. வருகிறேன். என் வீட்டுக் கழிப்பறையை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் என்னை ஏதோ மச்சினனைக் கொன்றவன் என்று மட்டும் பார்த்தால் அது நியாயமாகாது.

நான் மின்விசிறித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ஓடும் விசிறிக்குக் கீழே நின்று, ஆடுகிறதா, முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. எங்கள் தெருவில் கோடை வந்துவிட்டால் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். ஓடிப் பிடித்த தண்ணீரைப் பழைய கழிப்பறை ஒரே அழுத்தலில் வாளிக் கணக்கில் விழுங்கிவிடும். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சிக்கனக் கழிப்பறை போடலாம் என்று தெருச் சங்கத்தில் பேச்சு வந்தது. யார் தேர்ந்தெடுப்பது என்றதும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. உள்ளதைச் சொன்னால், திரும்பும் வரை நான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் தம்பி கழிப்பறைச் சாமான் கடை வைத்திருந்தான். பீங்கான்களை வரிசையாக அடுக்கி, நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு இருந்த வாய்க்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் எதைச் செய்தாலும் அவனிடம் அதற்கு ஒரு வசனம் உண்டு. சாப்பிடும்போது இரண்டாம் முறை வேண்டாம் என்று சொன்னால்கூட, "மாமா ஆத்துல போட்டாலும் அளந்துதான் போடுவாரு" என்பான். கூடியிருக்கும் சொந்தமெல்லாம் சிரிக்கும். என் மனைவி மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அது அவள் எனக்குத் தரும் மரியாதை.

கழிப்பறை விஷயத்திலும் மூக்கை நுழைத்தான். "ரொம்ப சிக்கனம் பாக்காதீங்க மாமா, உங்க வீட்டுக் குழாய் கொல்லை வரைக்கும் நீளமாப் போகுது, நடுத்தரமா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றான். நடுத்தரம் என்று என்னைப் பார்த்துச் சொன்னான், ஐயா. மறுநாளே வேறு கடைக்குப் போனேன்.

சும்மா போகவில்லை. மனைவி பிசைந்து வைத்திருந்த மாவில் பாதியை எடுத்து, தேவையான பருமனில் உருட்டி, டப்பாவில் அடுக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதை என் மதியச் சாப்பாடு என்று நினைத்து, கை கழுவ இடம் காட்டினார். அந்தக் கடையில் சில மாடல்களுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் உருண்டைகளைப் போட்டு அழுத்தினேன். ஒன்று அவற்றைச் சுற்றிக் காட்டிவிட்டு எனக்கே திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று பாதியை விழுங்கி மீதியை மறுநாளைக்கு வைத்துக்கொண்டது. மூன்றே லிட்டர் கேட்கும் ஒன்று மட்டும் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் இழுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. அதன் சத்தமும் அவ்வளவு கச்சிதம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கடையில் அதன் கீழே ஒரு முழக் குழாய் இருந்தது, அதற்கு நேர் கீழே ஒரு வாளி. என் வீட்டிலோ குழாய் கொல்லைக் கோடி வரை படுத்துக்கொண்டே போகிறது. கிண்ணத்தைச் சோதித்தேன், குழாயைச் சோதிக்கவில்லை. யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. மச்சினன் சொன்னதைச் சேர்க்கக் கூடாது, அவன் எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவன்.

வீட்டில் அதைப் பொருத்தியபின் கொஞ்ச நாள் ராஜபோகம். பிறகு போனது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று லிட்டர் தண்ணீர் கிண்ணத்தைத் துடைத்துவிட்டுப் பாதி வழியில் களைத்துப் படுத்துவிடும். அதோடு சேர்ந்து மற்றதும் படுத்துவிடும். வீட்டில் ஒரு வாடை குடியேறியது. கதவுக்குப் பின்னால் என் மனைவி ஒரு வாளியை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு மேலே ஒரு வாளி ஊற்றியிருக்கிறாள். சிக்கனம் எங்கே போகிறது என்று பாருங்கள். வாளியைப் பறிமுதல் செய்தேன். அன்று முதல் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள்.

"தண்ணிய மிச்சம் பிடிச்சு யாருக்குச் சீதனம் குடுக்கப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வந்து பார்த்துவிட்டு, தெரு முழுக்க இதையே போடலாமா என்று முடிவெடுப்பதாக இருந்தது. வேண்டாம் என்றால் அடுத்த ஆள் என் மச்சினன்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் எந்த முகத்தோடு நடப்பது?

ஞாயிறு காலை கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து அசையாமல் நின்றது. கழிவு லாரியைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. லாரி வாசலில் நின்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கூடாது என்றேன். அவள் என்னைக் கேட்காமல் தம்பிக்குப் போன் செய்துவிட்டு, வருகிறவர்களுக்குப் பால் வாங்கக் கடைக்குப் போனாள்.

அவன் வந்தான். பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிறகு கொல்லையில் இருந்த கழிவுத் தொட்டியின் சிமென்ட் மூடியை நானும் அவனுமாகத் தள்ளினோம். புதுக் கழிப்பறை பொருத்தும்போதே லாரி உறிஞ்சிவிட்டுப் போயிருந்ததால் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. குழாய் வந்து விழும் வாயில் அடைத்திருக்கிறது, இறங்கி ஒரு குத்துக் குத்தினால் விட்டுவிடும் என்றான். அது அவன் வேலையில்லை, அவன் கடைக்காரன். ஆனால் அக்கா மானம் போகக் கூடாதாம்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஏணியை இறக்கிவிட்டு, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டான்.

"உங்க மானத்தைக் காப்பாத்த நான் குழிக்குள்ள எறங்க வேண்டியிருக்கு, பாத்தீங்களா மாமா. ஆனா ஒண்ணு, மேல வந்ததும் சங்கத்துக்காரங்ககிட்ட நானே சொல்லிடுவேன். இது நம்ம தெருக் குழாய்க்கு ஆகாது. பாவம், ஜனங்க ஏமாறக் கூடாது."

"சரி" என்றேன்.

"மூடி தெறந்தே இருக்கட்டும். காத்து வேணும்."

அதற்கும் சரி என்றேன். நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

உள்ளே கம்பி இடித்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. "விட்டுடுச்சு மாமா" என்று கீழிருந்து குரல் வந்தது. அதே நேரம் வாசல் கதவு கிறீச்சிட்டது. சங்கத்தார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கொல்லையில் நாற்றமென்றால் சொல்ல முடியாத நாற்றம். வீடு தேடி வந்தவர்களை அப்படி வரவேற்கலாமா? மூடி சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக ஏணியை வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்தேன். பிறகு மூடியைத் தள்ளினேன். இரண்டு ஆள் தள்ளிய மூடியைத் தனியாகத் தள்ள எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, இன்றும் ஆச்சரியம்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு வாய்க்கு மட்டும் வீட்டிலேயே மூடி இருந்தது.

சங்கத் தலைவர் கனத்த உடம்புக்காரர். நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கொல்லையில் சமதளம் என்றால் அந்த மூடி ஒன்றுதான். அதன்மேல் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். உபசாரம்தான், வேறு எண்ணமில்லை. மூன்று லிட்டரின் மகிமையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கீழே குனிந்து பார்த்தார்.

"ஏதோ தட்டற மாதிரி இல்ல?" என்றார்.

தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லி, எல்லாரையும் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன்.

மாவு உருண்டைகளை அவர்கள் கண்முன்னால் போட்டேன். அழுத்தினேன். கடையில் கேட்ட அதே மடக்குச் சத்தம் கேட்டது, ஐயா. ஒரு துணுக்கு மிச்சமில்லை. குழாயில்தான் அடைப்பில்லையே. எல்லாரும் கை தட்டினார்கள், தலைவர் என் தோளில் தட்டினார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

அவர்கள் போனபின்தான் மனைவி பாலோடு வந்து, தம்பி எங்கே என்றாள். கிளம்பிவிட்டான் என்றேன். அவள் கொல்லைப் பக்கம் போனாள். "செருப்பில்லாமலா போனான்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் போட்ட கூச்சலில்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், கேட்டது. அவர்கள் கை தட்டி ஓய்ந்ததும் கிண்ணத்துக்குள்ளிருந்து கேட்டது, இரும்புக் கம்பி குழாயைத் தட்டும் சத்தம். விசிறியில் திருகு தளர்ந்தாலே கண்டுபிடிக்கும் காது இது, தவறாது. முதலில் அடுத்தடுத்துத் தட்டினான், பிறகு விட்டுவிட்டு. "மாமா" என்று ஒருமுறை குரலும் வந்தது. அதில் சிரிப்பில்லை. தலைவர் என்னவென்று காதைக் கொடுத்தார். நான் மறுபடியும் அழுத்தினேன். கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி நிரம்பும் வரை பேச்சுக் கொடுத்துவிட்டு, இன்னொரு முறை அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஏணியை எடுத்தவன் நான், மூடியவன் நான், நாற்காலி போட்டவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். உறுத்தாமல் இருக்குமா, ஐயா? கிண்ணம் முதல் தடவையே சுத்தமாகிவிட்டது. அதற்கப்புறம் விட்ட ஆறு லிட்டரும் வீண்தானே.