குலைக்காத நாய்

ஜெயிலுக்குப் போகிறவர்கள் அதை மெதுவாகத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் சாதாரணமாகச் சொன்னாள். மடியில் மாற்றுத்துணிப் பை.

“ஊட்டுக்காரரைப் பாக்கப் போறேனுங்க. பக்கத்துத் தோட்டத்துல மொளகு திருடிட்டாரு.”

“கேஸ் குடுத்தது ஆரு கண்ணு?” என்றார் பக்கத்திலிருந்த அம்மா.

“இவருதானுங்க.” எதிர் சீட்டில் இருந்த தோட்டக்காரரைக் காட்டினாள்.

“ஆமாங்க,” என்றார் அவர். “நானும் அவனைப் பாக்கத்தான் போறேன்.”

“நீங்க எதுக்குங்க?” என்றார் அந்த அம்மா.

“எங்க நாய் கொலைக்கக் கூடாதுன்னு மாசக்கணக்குல கருவாட்டுச் சோறு போட்டிருக்கான். இப்ப அவன் இல்லாம அது ஒரு வாயி திங்க மாட்டேங்குது. இந்தப் புள்ள அதே சோத்தை ஆக்கிப் போட்டும் மோந்துகூடப் பாக்கலை. அவன் எப்படிக் கூப்புட்டுப் போடுவான்னு கேக்கோணும்.”

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பி நிமிர்ந்தது. அவள் பையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அதைக் கேக்காதீங்கண்ணா. நாய் நல்லாத் திங்குதுன்னு சொல்லிருங்க. இல்லாட்டி அவரும் அங்க திங்க மாட்டாரு.”

“என்னையப் பொய் சொல்லச் சொல்றயா? நீயே சொல்லிரு கண்ணு.”

“நான் சொன்னா நம்ப மாட்டாருங்க. நீங்க சொன்னா நம்புவாரு. ஸ்டேசன்லயே, ‘அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு’ன்னு சொல்லித்தானுங்க திருடுனதை ஒத்துக்கிட்டாரு.”