க்ராடக் ஆலையின் மெழுகுத் தொட்டி

ராத்திரி ரெண்டே கால் மணி. ஐம்பத்தொண்ணாம் வருஷம், ஆகஸ்ட் மாசம். ஆஸ்திரேலியாவுல கோலாக் ஊர்லேருந்து கிழக்கே போற ரோடு... ரெண்டு பக்கமும் கருங்கல் வேலி. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. மழை வேற.

லாரி ஓட்டினது மெர்வ் டக்கெட். நம்ம கிளென் இருக்கான்ல, அவனோட தாய்மாமன். பக்கத்து சீட்டுல க்ளாட் ஹாகர், க்ராடக் ஆலையோட மேனேஜர். பின்னாடி நாப்பது தார்ப்பாய். எல்லாம் ராணுவ லாரிக்கு. கொரியாவுல சண்டை நடந்துட்டிருந்த நேரம், விடியறதுக்குள்ள முகாம்ல இறக்கியாகணும்.

அந்த ஆலையில ஆரம்பத்துல தறி போட்டு, கம்பளி மூட்டைக்குச் சாக்குதான் நெய்தாங்க. ஜப்பான்காரனோட சண்டை வந்ததும் ராணுவம் தார்ப்பாய் கேட்டுது. தரைக்குக் கீழே பெரிய தொட்டி கட்டி, மெழுகும் என்னென்னமோ எண்ணெயும் காய்ச்சி, துணியை முக்கி எடுத்தாங்க. ஒரு பொட்டு மழை இறங்காது. ஆலை எங்கேயோ உசந்து போயிடுச்சு. அப்ப ஹாகர் வெறும் மேஸ்திரி.

நாப்பத்திமூணுல அங்க வேலை பார்த்த ஒரு பொண்ணு காணாமப் போனா. நோலா ப்ரீன். பத்தொன்பது வயசு. அமெரிக்க சிப்பாயோட ஓடிட்டான்னு ஹாகர் சொன்னான். ஊரும் நம்புச்சு. அம்மாக்காரி மட்டும் நம்பலை. அதே ஆலையில கூட்டிப் பெருக்கற வேலைக்குச் சேர்ந்தா. எட்டு வருஷமா அங்கயேதான்.

சரி... லாரிக்கு வரேன்.

டங்... டங்... டங்.

பின்னாடியிருந்து. இரும்பைத் தட்டற சத்தம். பின்னாடி இருந்ததெல்லாம் துணிடா!

"கயிறு தளர்ந்திருக்கும். நிறுத்தாதே"ன்னான் ஹாகர்.

அப்பத்தான் அந்த நாத்தம். காய்ச்சின மெழுகு... மண்ணெண்ணெய்... அடியில ஏதோ ஊசிப்போன வாடை. தொண்டை எரியுது.

டங். டங். டங்.

ஹாகர் காதைப் பொத்திட்டான். "போதும் நிறுத்து, நோலா!"ன்னு கத்தினான்.

மெர்வ் பிரேக்கைப் போட்டுட்டாரு. "யாரு நோலா? ப்ரீன் பொண்ணா?"

"தொட்டியைக் கழுவ இறக்கினேன்டா... புகையில மயங்கிட்டா. அந்த நேரம் பார்த்து ராணுவ அதிகாரி சோதனைக்கு வந்துட்டான். தெரிஞ்சா ஆர்டர் போயிடும். மூடியைப் போட்டுட்டேன்."

"செத்துட்டாளா அப்போ?"

ஹாகர் காதுலேருந்து கையை எடுத்தான். அப்புறம் சொன்னான்: "உள்ளேயிருந்து தட்டினா."

தொட்டி ஒழுகுதுன்னு சொல்லி மறுநாளே அதுக்கு மேல சிமெண்ட் தளம் போட்டாச்சாம்; துணி முக்கறதுக்கு வேற தொட்டி கட்டிக்கிட்டாங்களாம்.

சொல்லிட்டு அவனே கதவைத் திறந்து இறங்கினான். யாரோ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போற மாதிரி போனான்னு மெர்வ் சொல்வாரு. பின்விளக்கு வெளிச்சத்துல, பக்கக் கண்ணாடியில பார்த்தாரு. லாரிக்கு மேல கட்டியிருந்த தார்ப்பாயோட ஓரம் தானா தூக்குது... காத்தே இல்லை. ஹாகர் குனிஞ்சு உள்ள போனான். ஓரம் விழுந்துச்சு.

உடனே ஆம்பளைக் கத்தல். "மெர்வ்! திறடா! மெர்வ்!"

மெர்வ் ஓடிப்போய்க் கயிறைப் பிடிச்சாரு. முடிச்சு கொதிக்குது, கையெல்லாம் மெழுகு. உள்ளேயிருந்து ஒரு பொண்ணு மெதுவாச் சொன்னா:

"நீ வண்டிக்குப் போ, மெர்வ். உன்மேல எனக்குக் கோவமில்லை."

சத்தம் நின்னுடுச்சு. சுத்தமா.

லாரியைத் திருப்பி ஊருக்கு விட்டாரு. மொதல்ல நோலாவோட அம்மா மிஸஸ் ப்ரீன் வீடு. எல்லாத்தையும் சொன்னாரு. அந்தம்மா அழலை. கோட்டை மாட்டிட்டு வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிடுச்சு. அப்புறம்தான் இவர் போலீசுக்குப் போனது. நாப்பது தார்ப்பாயையும் பிரிச்சுப் பார்த்தாங்க. ஹாகர் இல்லை. இவரே கொன்னு எங்கயோ போட்டுட்டார்னு சொல்லி உள்ள வச்சாங்க. பொண்ணு கதையை எவனும் காதுல போட்டுக்கலை.

மூணாம் நாள்தான் ஒரு போலீஸ் சார்ஜெண்டுக்கு மனசு உறுத்தி, தளத்தை உடைக்கச் சொன்னாரு. எட்டு வருஷ சிமெண்ட், ஒரு கீறல் கிடையாது. உடைச்சு மூடியைத் தூக்கினா... ஒரு எலும்புக்கூடு. அதுக்குப் பக்கத்துல ஹாகர். விரல்ல நகமே இல்லை.

செத்து அரை நாள்கூட ஆகலைன்னு டாக்டர் சொன்னாரு.

தறி ஓடற சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேட்கலையாம். தறி நிக்கற நேரத்துல அந்தத் தளத்தைப் பெருக்கறது ஒரே ஒரு ஆள்தானே... சார்ஜெண்ட் அந்தம்மாகிட்ட கேட்டாரு, "உங்களுக்குக் கூடவா கேட்கலை?"

"மொத நாளே கேட்டுச்சு"ன்னுச்சாம் மிஸஸ் ப்ரீன். "நோலாவோன்னு நினைச்சு தரையில காதை வச்சேன். ஆம்பளைக் குரலா இருந்துச்சு. சரின்னு பெருக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."