ஒன்பதாம் எண் படுக்கை

என் பெயர் நாகராஜ், வயது 53, தகப்பனார் பெயர் வேலு. கோட்டூரில் அம்மன் கோயில் குறுக்குத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். அடையாறு பஸ் டிப்போ பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்புப் படித்தவன், கணக்கில் இரண்டாம் தடவை தேறியவன். அது தேவையில்லை என்று ஸ்டேஷனில் இதை எழுதிக்கொள்ளும் ஐயா சொன்னார், எழுதிவிட்டதால் இருக்கட்டும்.

என் மகள் கயல், வயது 24, ஆழ்வார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். இன்று காலை முதல் அவளைக் காணவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை வார்டில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். அங்கே கட்டில்கள் எதிரெதிராக இரண்டு வரிசை. ஒரு வரிசையில் படுத்தால் தலை வடக்கே வரும். மயிலாப்பூரைச் சேர்ந்த சுப்புலக்ஷ்மி என்கிற வயதான மாமிக்கு அந்த வரிசையில் பதினான்காம் படுக்கை கிடைத்தது. வடக்கே தலை வைத்துக் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது என்று மாமி அழுததால், எதிர் வரிசையில் ஒன்பதாம் படுக்கையில் இருந்த சர்க்கரை நோயாளியிடம் கயல் கெஞ்சிப் பேசி இருவரையும் இடம் மாற்றினாள். அதற்கு முன்பே மாத்திரைகளைப் படுக்கை எண் போட்ட சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்தாகிவிட்டது. கிண்ணங்களையும் மாற்ற வேண்டும் என்று நினைத்தவள், வேறொருவர் வாந்தி எடுக்கவே அங்கே ஓடியிருக்கிறாள். அதன்பிறகு வந்து ஒன்பதாம் எண் கிண்ணத்தை ஒன்பதாம் படுக்கைக்கே கொடுத்துவிட்டாள். சர்க்கரை வியாதியே இல்லாத மாமி சர்க்கரை மாத்திரையை விழுங்கினார். மதியத்துக்குள் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, வலிப்பு வந்து ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு கயல் தானாகவே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். மாமியின் வீட்டாருக்கோ, வயதானால் இப்படி ஆவதுண்டு என்று சொல்லப்பட்டது. மாமியின் மகனிடம் உண்மையைச் சொல்லப் போனவளை நடுவழியில் நிறுத்தி, வாயைத் திறக்காமல் வீட்டில் இரு, கூப்பிடும்போது வா என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி தேவானை போடும் காபியை இவள்தான் எனக்கு எடுத்து வருவாள். புதன்கிழமை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க பேரு இன்னா?" என்று என்னைக் கேட்டாள். நான் விளையாட்டு என்று நினைத்து, "மீட்டர் போடாத நாகராஜ்" என்றேன். எங்கள் ஸ்டாண்டில் இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். இவள் சிரிக்கவில்லை. முழுப் பெயர், வயது, தகப்பனார் பெயர் மூன்றையும் சொன்ன பிறகுதான் டம்ளரைக் கொடுத்தாள். அதன்பிறகு யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அப்படித்தான். பெற்ற தாயையும் கேட்டாள். வார்டில் அவசரத்துக்கு உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போது இடது உள்ளங்கையில் ஒன்பது என்று எழுதிக்கொள்கிறாள். குளித்தால் அழியும். திரும்ப எழுதுவாள்.

நேற்று சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கூட தி.நகர் போக வேண்டியவரைக் கே.கே. நகரில் இறக்கிவிட்டிருக்கிறேன், தப்பு யாருக்கும் வரும் என்றேன். நானும் ஆறுதல் சொல்கிறேன் என்று இதைச் சொன்னேன். அதற்கு அவள், "அவரு வேற ஆட்டோ புடிச்சிப் போய்ட்டிருப்பாரு நைனா. மாமி என் கையைப் புடிச்சிக்கினு, நீ நன்னா இருப்பேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் நான் மாத்திரைய குடுத்தேன்" என்றாள். நான் எழுந்து போய், காலையில் துடைத்த ஆட்டோவையே மறுபடி துடைத்தேன். வாயாடி என்று பெயரெடுத்தவன் நான்.

இன்று காலை நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் அவள் வீட்டில் இல்லை. செல்போன், கைக்கடிகாரம், மருத்துவமனை அடையாள அட்டை மூன்றும் டி.வி. மேல் வரிசையாக இருந்தன. வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் எதுவும் குறையவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு நானும் ஸ்டாண்டு நண்பர் செம்பியனும் ஆளுக்கொரு ஆட்டோவில் அடையாற்றுப் பாலம், உடைந்த பாலம், பெசன்ட் நகர் கடற்கரை எல்லாம் பார்த்தோம். பாலத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, செம்பியன்தான் பார்த்தார்.

அப்போது என் பையிலிருந்த கயலின் செல்போன் அடித்தது. அவளோடு வேலை பார்க்கும் உம்மே ஹானி பேசினாள். மாமி கண் விழித்துவிட்டார், பேச்சும் தெளிவாக இருக்கிறது என்றாள். முதலில் கேட்டதே, "தலைமாட்டை மாத்திக் குடுத்தாளே, அந்தப் பொண்ணு எங்கே?" என்றுதானாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கயல் ஒருத்திக்குத்தான் தெரியாது. அதன்பிறகு நேராக இங்கே வந்தேன்.

அடையாளம்: மாநிறம், ஒல்லி, என் தோள் உயரம், பச்சைச் சுடிதார், இடது உள்ளங்கையில் ஒன்பது. என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு அது மிகவும் பெரிது, வேகமாக நடக்க முடியாது. இப்போதைக்கு அதைத்தான் நம்பியிருக்கிறேன். நான் ஐயா முன்னால் என் மனைவியின் செருப்பில் நிற்கிறேன்.

அவளைப் பார்க்கும் காவலர் யாராயினும், பெயர், விலாசம் விசாரிக்கும் முன்பு, பக்கத்தில் போகும் முன்பு, தூரத்திலிருந்தே, மாமி கண் விழித்துவிட்டார் என்று சத்தமாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை வாக்குமூலத்தில் எழுத முடியாது என்றார் ஐயா. பிறகு எழுதிக்கொண்டார்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) வே. நாகராஜ்
கயலின் தகப்பன்