குழாய் போடுகிற டாக்டர்

நான் தேநீரை நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பேன். நீங்கள் கொடுத்த கோப்பையை இன்னும் தொடாததற்குக் காரணம் அவ்வளவுதான், பயமில்லை. காலமெல்லாம் உணவுக்குழாயை ஆராய்ந்தவனுக்கு ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். அங்கே காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் கொதிக்கக் கொதிக்கப் பாலில்லாத சாயத்தண்ணி குடிப்பார்கள். ரொட்டியையும் காரமான கட்டச்சம்பலையும் வாயில் திணித்துக்கொண்டு மலையேறி, குனிந்து புல் வெட்டுவார்கள். வயிற்று அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? எதற்கும் ஒரே பெயர்தான் அவர்களுக்கு, கேஸ்ட்ரைட்டிஸ்.

என் முதல் ஆய்வைக் கொழும்பில் ஒரு பேராசிரியரிடம் கொண்டுபோனேன். "தோட்டத்து நெஞ்செரிச்சலை யார் படிக்கப்போகிறார்கள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்கு எரிகிறது. திரும்பி வரும் பஸ்ஸில், அவரிடம் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். மருந்தே படாத உணவுக்குழாய்கள். வசதியுள்ளவன் நெஞ்சு எரிந்த மறுநாளே மாத்திரை போட்டுக்கொள்கிறான். அமிலத்தை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று அவனிடம் பார்க்க முடியாது.

இரத்தினபுரியில் சிறியதோர் ஆய்வு நிலையம் தொடங்கினேன். வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்து ஆட்களை வரவழைத்து, தொண்டை வழியாகக் கெமராக் குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பரிசோதிப்பேன். அந்தக் குழாயே வைத்தியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்து மூக்காயி அக்கா முதல் தடவையே சொன்னார்.

"குழாய் போட்டதுல இருந்து எரிச்சல் கொறைஞ்சிருச்சு டாக்டர் தம்பி. உள்ளுக்குள்ள கழுவிவிட்ட மாதிரி இருக்கு."

நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் மாத்திரை கேட்டிருப்பார்கள், ஆய்வு கெட்டிருக்கும்.

மருந்துக்கடை ஹில்மிதான் ஒருநாள் கேட்டார். "இவ்வளவு பேருக்குக் குழாய் போடுறீங்க டாக்டர், ஒருத்தராவது கடைக்கு மருந்துக் குளிசை எடுக்க வரல்லையே?" உங்களுக்குப் புகார் எழுதிப்போட்டது அவராகத்தான் இருக்கும். நல்ல மனிதர்.

பிறகொரு வருடம் அக்காவின் சதையில் செல்கள் கெட்ட விதமாக மாறத் தொடங்கியிருந்தன. அந்தக் கட்டத்தில் அதே குழாய் வழியாகவே கெட்ட இடத்தை எடுத்துவிடலாம். அது எனக்குத் தெரியும். கூட வந்த மகள் கோகிலா வாசலில் நின்றாள்.

"அம்மாவுக்கு ஒன்னுமில்லையே மாமா?"

"ஒன்னுமில்லம்மா. அடுத்த வருஷமும் கூட்டிட்டு வா."

அடுத்த வருடம் அது புற்றாகியிருந்தது. சாயத்தண்ணிகூட அக்காவுக்கு இறங்கவில்லை. என் கட்டுரை பின்னர் வெளிநாட்டு இதழில் வந்தது. அதே பேராசிரியர் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார்.

அக்காவின் சாவு வீட்டில் கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வருஷா வருஷம் குழாய் போட்டதாலதான் மாமா, அம்மா இம்புட்டு நாளாச்சும் இருந்தாங்க." நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அங்கே கொடுத்த தேநீரையும் ஆறவிட்டுத்தான் குடித்தேன்.

நான் மாத்திரை எடுப்பதுண்டா என்று கேட்டீர்கள். தினமும், வெறும் வயிற்றில். எனக்கும் அதே லயத்து வயிறுதானே.

இதைக் கொலை என்கிறீர்கள். நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்பதுதான் குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே அக்காவைச் சாகவிட்டேன். அதிலிருந்து உலகம் ஒன்றைக் கற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடக்கூடாது என்று கோகிலா தானாகவே என்னிடம் குழாய் போட வருகிறாள். போன முறை எடுத்த சதையில் அதே மாற்றம் தொடங்கியிருக்கிறது. அவளுக்குத் தெரியாது. சித்திரை முடிந்ததும் மறுபடி வருவாள். அதற்குள் இந்த விசாரணையை முடித்துவிடுங்கள். இடையில் யாராவது அவளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டால், தாயிடம் பார்த்ததை மகளிடம் உறுதிசெய்ய முடியாமல் போய், அக்கா செத்ததே வீணாகிவிடும்.