மன்றாட மறுத்த மோயீசன்

லூர்துநாதன்: சர்வேசுரனையே வாயடைக்க வச்சிட்டியேடா யூஜின்! திரைக்குப் பின்னாடி அடுத்த வார்த்தை வராம முழிச்சிக்கிட்டு நின்னாருடா மனுஷன்!

யூஜின்: நிக்கட்டும்.

லூர்துநாதன்: அந்தக் கோவிந்தசாமி தவளக்குப்பத்துக் கூத்துல விடிய விடிய கர்ஜிக்கிற ஆளு. நல்ல தொண்டையாச்சேன்னு சர்வேசுரன் குரலுக்கு அவனைப் பிடிச்சாந்தேன். நேத்து ஒத்திகை முடிஞ்சதும், ‘வாத்தியாரே, உங்க வேதத்துல இப்பிடியா வருது?’ன்னு கேக்கறான். நான் இன்னா சொல்லுவேன்?

யூஜின்: வரலைன்னு சொல்லுங்க. வந்திருக்கணும்னும் சொல்லுங்க.

லூர்துநாதன்: ‘கன்னுக்குட்டியைக் கும்புடற இந்த ஜனத்தை அழிச்சிப்புடறேன்’னு சர்வேசுரன் சொன்னா, அந்த ஜனத்தைக் கூட்டியாந்த மோயீசன் நீ, இன்னா சொல்லணும்?

யூஜின்: பாடம் எனக்குத் தெரியும்.

லூர்துநாதன்: ‘வாணாம் ஆண்டவரே, மனசு எறங்கும்’னு நெடுஞ்சாண்கிடையா விழணும்! நீ இன்னா சொன்னே? ‘தாராளமா அழிச்சிடும்’னியே! மத்தளக்காரன்கூட கையை நிறுத்திட்டான்!

அகஸ்டினா: பசங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சுங்க... வாத்தியாரே, காப்பி எடுத்துக்குங்க.

லூர்துநாதன்: வையிம்மா அகஸ்டினா. உன் புருஷனுக்கு நீயாவது சொல்லக் கூடாதா? சாயங்காலம் திருநாள் நாடகம். கோயில் முன்னாடி பந்தல் போட்டாச்சு. கருவடிக்குப்பத்துலேர்ந்துகூட வண்டி கட்டிக்கிட்டு வர்றாங்க.

அகஸ்டினா: நான் சொன்னா கேக்கறவரா?

யூஜின்: நீ உள்ள போ.

அகஸ்டினா: இருக்கறதே ஒரு ரூம்பு. எந்த உள்ள?

லூர்துநாதன்: ஒத்திகையில சொன்னது போவட்டும். மேடையிலயும் அதையேதான் சொல்லுவியா?

யூஜின்: மேடைக்கே நான் வர்ல. அந்த அங்கியையும் தாடியையும் எடுத்துக்கிட்டுப் போங்க.

லூர்துநாதன்: அடேய்... இன்னும் அந்த மில்லு சமாச்சாரமா? அது போன வருஷத்துக் கதைடா.

யூஜின்: கதையா? உங்களுக்குக் கதை! ‘வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேப்போம், நீ முன்னாடி நில்லு யூஜினு’ன்னு சொன்னது யாரு? மாதா சுரூபத்து முன்னாடி மெழுகுத்திரி கொளுத்தி சத்தியம் பண்ணது யாரு? இதே தெருவு! மில்லு முன்வாசல்ல என்னை நிக்க வச்சிட்டு, பின்வாசல் வழியா ஒவ்வொருத்தனா தறிக்குப் போயிட்டானுங்க. நான் திரும்பிப் பார்க்கறேன்... ஒரு காக்கா இல்ல!

லூர்துநாதன்: வயித்துக்காகப் போனானுங்க...

யூஜின்: எனக்கு வயிறு இல்லியா? என் புள்ளைங்களுக்கு இல்லியா?

லூர்துநாதன்: இருக்குதுடா, யாரு இல்லன்னா...

யூஜின்: அத்தோட விட்டானுங்களா? உள்ள போன வெக்கம் தாங்காம ஒருத்தன் மேனேஜர் ரூம்பு கண்ணாடி மேல கல்லை விட்டான். ஜெயிலுக்குப் போனது யாரு? மழைக்காலம் பூரா ஓதத்தரையில படுத்துக் கெடந்தது யாரு?

லூர்துநாதன்: நீதான். நான் மறுக்கல. ஆனா சர்வேசுரனைப் பாரு. எவ்வளவு பொறுத்தாரு...

யூஜின்: அதைத்தான் நானும் கேக்கறேன்! எதுக்குப் பொறுத்தாரு? அடிமையா கெடந்தவனுங்களைக் கடலைப் பொளந்து கூட்டியாந்தா, தண்ணி கசக்குதுன்னு ஒரு சண்டை. வானத்துலேர்ந்து மன்னான்னு அப்பம் போட்டா, கறி எங்கன்னு ஒரு சண்டை. எஜிப்துல வெங்காயம் தின்னோமேன்னு ஒரு அழுகை! மோயீசன் மலைக்குப் போயிட்டு எறங்கறதுக்குள்ள பொன்னுல கன்னுக்குட்டி செஞ்சு ஒரு கும்புடு! இவரும் ஒவ்வொரு வாட்டியும் கோவிக்கறாரு, அவனுங்க அழுதா எறங்கிடறாரு. மறுபடி ஆரம்பிக்கறானுங்க. இது இன்னா நியாயம்?

லூர்துநாதன்: டேய், வாயைக் கழுவு! நீ கோவிக்கறது ஜனத்து மேலயா, அவரு மேலயா?

யூஜின்: ரெண்டு பேரு மேலயுந்தான்! அவரு குடுத்த எடம்தான் அவனுங்களைக் கெடுத்துச்சு!

லூர்துநாதன்: பெத்தவரு வேற இன்னாடா பண்ணுவாரு?

யூஜின்: அவரு பெத்தாரு, பொறுக்கட்டும். நான் பெக்கல. நான் தறி ஓட்டறவன்.

அகஸ்டினா: தறி எங்க ஓட்டறீங்க இப்ப? வாத்தியாரே, உங்களுக்கு விஷயம் தெரியாது... சொல்லிடட்டுமா?

யூஜின்: சொல்லு. ஊருக்குத் தெரியத்தான் போவுது.

அகஸ்டினா: சைகோன் போறாரு. என் சித்தப்பா மவன் அங்க போலீஸ்ல இருக்கான். வெள்ளிக்கிழமை கப்பல்.

லூர்துநாதன்: ...உங்களை விட்டுட்டா?

அகஸ்டினா: அப்புறமா அழைச்சிக்கறாராம். எப்பன்னு கேட்டா பதில் இல்ல.

யூஜின்: இந்தத் தெருவுல இனிமே என்னால மூச்சு வுட முடியாது. தெனம் அவனுங்க மூஞ்சியில முழிக்கணும். ‘இன்னா யூஜினு, சௌக்கியமா?’ங்கறானுங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி!

லூர்துநாதன்: யூஜினு... ஒண்ணு சொல்றேன், கோவிக்காத. இத்தினி வருஷமா நாடகம் போடறேன். ஜனக்கூட்டத்துல நிக்க என்னிக்காவது ஆள் கெடைச்சிருக்கா? கிரீடம் வச்ச வேஷம்தான் எல்லாருக்கும் வேணும். இந்த வருஷம் பரவோன் ராசா வேஷத்துக்கே நான் ஆள் தேடி அலைஞ்சேன். அந்தப் பின்வாசல் பசங்க அத்தினி பேரும் வந்து கூட்டத்துல நிக்கறோம்னாங்க. இந்தக் கதையைப் போடச் சொன்னதும் அவங்கதான். உன்னை மோயீசன் ஆக்கச் சொன்னதும் அவங்கதான்.

யூஜின்: எதுக்கு?

லூர்துநாதன்: மோயீசன் முன்னாடி ஜனம் முட்டி போட்டு அழற எடம் ஒண்ணு இருக்கில்ல... அதுக்கு.

யூஜின்: ஓகோ! மூஞ்சியில சாயம் பூசிக்கிட்டு அழுவானுங்களா? தெருவுல, வெளிச்சத்துல, என் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல! வேஷம் கட்டினாத்தான் வெக்கம் போவுமா?

லூர்துநாதன்: வெக்கம் போகாமத்தான்டா வேஷம் கேக்கறாங்க! மோயீசனோட அண்ணன் ஆரோன் வேஷம் கட்டற அல்போன்ஸு, உன் பக்கத்து வீட்டுக்காரன், அவன் ஒத்திகையில பாதி நேரம்...

யூஜின்: அவன் பேரை எடுக்காதீங்க!

லூர்துநாதன்: உன் தம்பி மாதிரி வளர்ந்தவன்டா!

யூஜின்: எடுக்காதீங்கன்னேன்! கல்லை விட்டது அவன்தான்.

லூர்துநாதன்: ...இன்னாது?

யூஜின்: என் கண்ணால பார்த்தேன். போலீஸ் கொமிசேர் என்னை உக்கார வச்சு, ‘எறிஞ்சவன் பேரைச் சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போ’ன்னான். நான் சொல்லல. நான்தான் எறிஞ்சேன், எழுதிக்கன்னுட்டேன்.

அகஸ்டினா: நீங்களே ஒத்துக்கிட்டீங்களா? போலீஸ் பொய்க் கேஸு போட்டுதுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க!

யூஜின்: உன்கிட்ட உண்மையைச் சொன்னா, அல்போன்ஸு வீட்டு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துவே. அதான் சொல்லல.

லூர்துநாதன்: அடப்பாவி... ஜனத்தைக் காப்பாத்தற மோயீசன் வேலையை அங்கேயே பண்ணிட்டு வந்திருக்கியேடா!

யூஜின்: பண்ணேன்! பண்ணிட்டு இன்னாத்தைக் கண்டேன்? ஜெயில் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் வாத்தியாரே. இன்னிக்கு வருவான், ‘எறிஞ்சது நான்தான்யா, அவரை வுடுங்க’ன்னு சொல்லுவான்னு... அவன் சொல்லியிருந்தா போதும். மொத்தத் தெருவையும் மன்னிச்சிருப்பேன். கப்பல் எனக்கு எதுக்கு? ஒருத்தன் வந்தானா? அந்த அல்போன்ஸு வந்தானா?

அகஸ்டினா: வந்தான்.

யூஜின்: எங்க வந்தான்? எப்ப வந்தான்?

அகஸ்டினா: உங்களைக் கூட்டிக்கிட்டுப் போன மறுநாள் காலையில, நம்ம வாசலுக்கு. ‘நான்தான் எறிஞ்சேன்க்கா, கொமிசேர்கிட்டப் போறேன்’னு சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னான். அவன் பொண்டாட்டி ரோசாவுக்கு அப்ப நெறமாசம்... இங்க அடுப்பு அணைஞ்சது போதும்னு நான்தான் அவன் கையைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினேன். வாயைத் தெறக்க மாட்டேன்னு, பொறக்கப் போற புள்ள மேல சத்தியம் வாங்கினேன். உங்களுக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுடுவீங்கன்னு இத்தினி நாளா பயந்துக்கிட்டுக் கெடந்தேங்க... கோவிக்கணும்னா மொதல்ல என்னைக் கோவிங்க. அப்புறமா அந்த ஜனத்துக்கிட்டப் போலாம்.