ரெண்டு பேர் ஆடுற பெட்டி

அவள்: புல்லு அசையுறதுகூடத் தெரியுதே இந்த வீடியோ கேம்ல... ஒவ்வொரு இலையா.

அவன்: புல்லைப் பார்க்கவா பொண்ணுக்கு வாங்கித் தர்றோம்? ஆடணும். ஆடறப்போ சிரிப்பு வரணும்.

கடைக்காரர்: அதுவும் சரிதான் சார். ஆனா எல்லாரும் முதல்ல கேக்குறது கிராபிக்ஸ்தான். தண்ணியில முகம் தெரியும், பாருங்க.

அவள்: தெரியுது. அழகா இருக்கு.

அவன்: எத்தனை பேர் ஆடலாம்?

கடைக்காரர்: எத்தனை பேர் வேணும்னாலும். அவங்கவங்க வீட்டுல இருந்தே...

அவன்: ஒரே டிவியில, பக்கத்துல உக்காந்து ஆடுறதைக் கேக்குறேன்.

கடைக்காரர்: அப்போ இந்தச் சின்னப் பெட்டி. படம் சுமார்தான், பொம்மை மூஞ்சி. ஆனா ரெண்டு கன்ட்ரோலர் கூடவே வருது. ஆடிப் பாருங்க, நான் அங்க நிக்கிற கஸ்டமரைக் கவனிச்சுட்டு வந்துடறேன்.

அவள்: எனக்கு வேணாம்...

அவன்: பிடி. சிவப்பு வண்டி உன்னுது.

அவள்: எப்பவும் நான்தான் சிவப்பு. ...இது ஏன் சுத்துது?

அவன்: சுவத்துல முட்டி நிக்குற. வண்டியைத் திருப்பு, உன்னை இல்ல.

அவள்: உடம்பு தானா சாயுதுங்க. ...இன்னும் நாக்கைக் கடிச்சுக்கிட்டுதான் ஆடுறீங்க.

அவன்: நீ இன்னும் அழுகுணி ஆட்டம்தான். முழங்கையை எடு.

அவள்: எடுக்க மாட்டேன்.

அவன்: சிரிச்சுக்கிட்டே இடிக்கிற பாரு...

அவள்: என்ன, நிறுத்திட்டீங்க?

அவன்: நான் வீட்டை விட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. அதுக்கும் எவ்வளவோ முன்னாடி கேட்டது, இந்தச் சிரிப்பு.

அவள்: பழைய டிவி இருந்தப்போ. கோடு கோடாத் தெரியும்.

அவன்: பெரிய டிவி வந்தது. நாம ஆளுக்கொரு அறைக்குப் போயிட்டோம்.

அவள்: வண்டியைப் பாருங்க. பள்ளத்துல விழப்போகுது.

அவன்: விழட்டும்.

அவள்: ...இப்போ இருக்குற இடத்துல டிவி இருக்கா?

அவன்: இருக்கு. செய்தி ஓடிக்கிட்டே இருக்கும். யாராவது பேசுற சத்தம் வேணும்ல. அங்க?

அவள்: சோபாவுல உங்க பக்கம் துணி மடிச்சு வைக்கிறேன். காலியா இருந்தா கண்ணு அங்கேயே போகுது.

கடைக்காரர்: எதைக் கட்டட்டும்மா? பொண்ணுக்கு எது பிடிக்கும்?

அவன்: சொல்லு. பொண்ணு உன்கிட்டதானே கேட்டா?

அவள்: ஒரு நிமிஷம் குடுங்கண்ணா...

கடைக்காரர்: அவசரமே இல்ல. பேசிட்டுக் கூப்பிடுங்க.

அவள்: அவ எதுவும் கேக்கலைங்க. நான்தான்... அவ பேரைச் சொன்னா வருவீங்கன்னு.

அவன்: தெரியும். எந்த மாதிரி வேணும்னு நேத்து அவளுக்கே போன் பண்ணிக் கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்"னா. அப்புறம்தான் போய் முடி வெட்டிக்கிட்டேன்.