கரும்பலகையில் எழுதிய பெருநீலம்

என் பெயர் மிலோ டப்பன். வயது பதினாறு. சசெக்ஸ், ஈஸ்ட் காமர் கிராமம், பேக்கரிச் சந்தில் அம்மாவுடன் வசித்து வருகிறேன். பள்ளித் தேர்வுகள் முடிந்து வீட்டில் இருக்கிறேன். முதற்கண் நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: இந்தக் காவல் நிலையத்தில் எனக்குக் கொடுத்த தேநீரில் சர்க்கரை இல்லை. இதை எழுத முடியாது என்று சார்ஜென்ட் ஹோட் சொன்னார். நான் சொல்வதை அப்படியே எழுதுவதாக அவரே வாக்குக் கொடுத்திருந்ததால், எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அம்மா என் காலை மிதித்தார். அதையும் எழுதச் சொன்னேன்.

காமர் மேட்டுப் புல்வெளிச் சரணாலயத்தின் பொறுப்பாளர் மிஸஸ் ஆட்ரி ஃபெல்ஸ் நேற்று அங்குள்ள பழைய சுண்ணாம்புக் குழியில் விழுந்தார். இன்னும் கண் திறக்காமல் மருத்துவமனையில் இருக்கிறார். அவர் விழுந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவரைப் போலீஸார் வலைவீசித் தேடுவதாக வானொலியில் சொன்னார்கள். வலை அவர் கையில்தான் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை நானும் என் வகுப்புத் தோழி சாஸ்கியாவும் மேட்டுக்குப் போனோம். அதன் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. வருபவர்கள் அன்று எந்த வண்ணத்துப்பூச்சியை எங்கே பார்த்தார்கள் என்று அதில் எழுதிவிட்டுப் போவார்கள். நேற்றுப் பளிங்கு வெள்ளையும் சின்ன நீலமும் மட்டும் எழுதியிருந்தது. சாஸ்கியா, "உன்னால இங்க ஒரு எறும்பைக்கூட ஏமாத்த முடியாதுடா" என்றாள். "பாரு, இந்த மேட்டுக்கே பூச்சி காட்டுறேன்" என்று சொல்லிச் சுண்ணக்கட்டியை எடுத்து, "பெருநீலம், மூன்று, முயல் வேலிக்குக் கீழே பள்ளத்தில்" என்று எழுதினேன். அந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே முட்செடி அதிகம் என்பதுதான். நம்பிப் போகிறவர்களின் கால்சட்டை கிழியட்டும் என்று நினைத்தேன்.

பெருநீலம் இந்த நாட்டில் ஒரு முறை அடியோடு அழிந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சி. அதைப் பார்த்தவர்கள் இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. தொலைபேசியில்கூட "பெரியவரைப் பார்த்தேன், நல்லா இருக்காரு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். பலகையில் எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள், சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு சாஸ்கியா வேலைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒருவர் வந்தார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை, ஆனால் கையில் குடை வைத்திருந்தார். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அவரிடமிருந்து வந்தது. பலகையை நீண்ட நேரம் படித்தார்.

"இதை எழுதினது யாருன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாது சார். யாரோ புதுசு போல."

"புதுசாத்தான் இருக்கணும். பழகினவங்க ஒருத்தரும் எழுதமாட்டாங்க. அதனாலதான் நம்பலாம்."

அவர் தொப்பியைத் தொட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். நம் வலையில் ஒருத்தர் விழுந்தார் என்று அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு மிஸஸ் ஃபெல்ஸ் வந்து பலகையைப் பார்த்தார். அவர் எங்கள் பள்ளிக்கு வந்து பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர். சட்டைக் கையாலேயே எழுத்தை அழித்தார்.

"இது உன் எழுத்து. யாருடா உனக்குச் சொன்னது?"

"எது மிஸ்?"

"பள்ளம்! யாரு சொன்னதுன்னு கேக்குறேன்."

"யாரும் சொல்லல மிஸ். சும்மா ஒரு புளுகு."

"அடப்பாவி. அது அங்கதான்டா இருக்கு."

"அப்போ நான் ஞானதிருஷ்டிக்காரனா மிஸ்?"

"வாய மூடு. உள்ள யாராவது போனாங்களா?"

குடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். "குடையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டேன். அந்தப் பூச்சியின் புழு எறும்புக் குஞ்சைப் போல வாசனையும் சத்தமும் காட்டும் என்று சொன்னார். "எறும்பு நம்ம பிள்ளைன்னு நெனச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகும். அது உள்ள உக்காந்து எறும்போட பிள்ளையெல்லாம் தின்னுக்கிட்டே வளரும். அந்த ஒரு வகை எறும்பு இல்லன்னா இதுவும் இல்ல. மூணு வருஷமா மூச்சு விடாம காப்பாத்தி வச்சிருக்கோம்" என்றார். அதன் பிறகு அவர் இன்னும் வேகமாக நடந்தார். நானும் வேகமாக நடந்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

பள்ளத்தில் அந்த மனிதர் முழந்தாளிட்டிருந்தார். குடையில் துணிக்குப் பதிலாக வலை இருந்தது. பக்கத்தில் பூச்சியைக் கொல்லும் கண்ணாடி ஜாடி, அந்த நகப்பூச்சுத் திரவ வாடை அதிலிருந்துதான் வந்தது. அதற்குள் இரண்டு நீலம் அசையாமலும், ஒன்று சிறகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டும் இருந்தன.

"அதைக் கீழ வைங்க" என்றார் மிஸஸ் ஃபெல்ஸ்.

"மூணே மூணு மேடம். பலகையில போட்டிருந்த கணக்குத்தான். மிச்சமெல்லாம் உங்களுக்கு."

மிஸஸ் ஃபெல்ஸ் குடையின் ஒரு முனையைப் பற்றி இழுத்தார். அந்த மனிதரும் இழுத்தார். மிஸஸ் ஃபெல்ஸின் முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழியின் விளிம்பு இருந்தது. அந்த மனிதர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் தள்ளவில்லை. பிடியை விட்டார், அவ்வளவுதான். கல் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு மிஸஸ் ஃபெல்ஸ் கீழேயிருந்து ஒரு முறை "டப்பன்" என்று கூப்பிட்டார்.

அதன் பிறகு நான் அந்த மனிதர் மேல் பாய்ந்தேன். அவர் பயந்து ஓடினார். பீச் மரத்தோப்பு வரை விரட்டிக்கொண்டு போனேன். "மிலோ, என்னை விட்டுடு" என்று அவர் கெஞ்சினார்.

இந்த இடத்தில் சார்ஜென்ட் எழுதுவதை நிறுத்தி, அவருக்கு என் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டார். நேற்று நான் போட்டிருந்த பள்ளிக் கால்பந்துச் சட்டையில் என் பெயர் அச்சடித்திருக்கும் என்று சொன்னேன். சட்டையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். முதுகுப் பக்கம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ விரட்டினேன்னு சொல்ற. முன்னால ஓடினவர் உன் முதுகை எப்படிப் பார்த்தார்?" என்று கேட்டார். அம்மா இந்த முறை என் காலை மிதிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓடியவன் நான்தான். அவர் என்னைத் துரத்தக்கூட இல்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்து ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மிஸஸ் ஃபெல்ஸ் இரண்டாவது முறை கூப்பிட்டதும் கேட்டது. நான் நிற்கவில்லை. ஊர்ப் பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் கைபேசி என் கையிலேயே இருப்பது தெரிந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அதற்குள் நாயுடன் நடக்கப் போன யாரோ மிஸஸ் ஃபெல்ஸைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த மனிதர் கெஞ்சவும் இல்லை. "பாத்துப் போ, மிலோ. விழுந்திடப்போற" என்றுதான் பின்னாலிருந்து சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

நான் பாய்ந்ததாகவும் விரட்டியதாகவும் அவர் கெஞ்சியதாகவும் உள்ள வரிகளைப் பொய் என்று அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவை படித்துக் காட்டப்பட்டன, எல்லாம் உண்மை. தேநீர் உட்பட.

(ஒப்பம்) மிலோ டப்பன்
(ஒப்பம்) தாயார், உடனிருந்தவர்